கப்பல் வந்தது, தங்கை வரவில்லை

போன வாரம் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போகிற பெண்களுக்கு மனசு கல்லா என்று கேட்டு எழுதியிருந்தார். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் இதே கேள்வியை, 2020-ல் கொரோனா சமயத்தில், கூடப் பிறந்த தங்கையிடம் நானே கேட்டிருக்கிறேன்.

நான் பன்னிரண்டாவதோடு நின்றுவிட்டேன். தங்கை தான் எங்கள் வீட்டில் படித்தவள். கணக்கில் எம்.எஸ்சி., பி.எட். அவள் வீட்டுக்காரர் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற சின்ன அச்சகம் வைத்திருந்தார். மிஷின் வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. இங்கே தனியார் பள்ளியில் அவள் வாங்கிய சம்பளம் வட்டிக்கே காணாது. அதனால் 2019 ஜனவரியில், இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் மாலத்தீவுக்கு டீச்சர் வேலைக்குப் போனாள். இரண்டு வயசுப் பையன் என்னிடம் வளர்ந்தான்.

மாலத்தீவு என்றால் சினிமா நட்சத்திரங்கள் போய் போட்டோ எடுத்துக்கொள்ளும் இடம் என்று தான் எங்கள் தெருவில் நினைத்தார்கள். அவள் இருந்த தீவில் சொகுசு ஹோட்டல் ஒன்றும் கிடையாது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இருபது நிமிஷத்தில் நடந்துவிடலாமாம். ஒரு பள்ளிக்கூடம், ஒரு சின்ன ஆஸ்பத்திரி, நாலைந்து கடை. குடிக்கத் தொட்டியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர். காய்கறி தலைநகரம் மாலேயிலிருந்து படகில் வர வேண்டும். ஞாயிறு முதல் வியாழன் வரை பள்ளி, வெள்ளியும் சனியும் லீவு. கடிகாரம் நமக்கு அரை மணி பின்னால். பாடமெல்லாம் இங்கிலீஷில். நம் ஊர் பத்தாவது பரீட்சை மாதிரி அங்கே ஓ லெவல் என்று ஒன்று. நம் நாட்டு டீச்சர்கள் அங்கே நிறையப் பேர்.

2020 மார்ச் 7-ம் தேதி அங்கே முதன்முதலாக நோய் கண்டுபிடித்தார்கள். அந்த மாதமே பள்ளிகளை மூடினார்கள், வெளிநாட்டுக்காரர் வரும் வாசலையும் அடைத்தார்கள். இங்கேயும் 25-ம் தேதியிலிருந்து ஊரடங்கு. ஏப்ரல் 15-ல் மாலே ஊருக்குள்ளேயே நோய் வந்துவிட்டது. தீவுக்குத் தீவு ஆள் போக்குவரத்தை நிறுத்தினார்கள். சாமான் படகு மட்டும் முன்னே பின்னே வந்தது.

தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வீடியோவில் பேசுவாள். "என்னட்டி சாப்பிட்டே?" என்றால், "சூரை மீன் குழம்புக்கா", "முருங்கைக்கீரைக்கா" என்பாள். (நம் பக்கம் மாசி என்கிறோமே, அது அங்கே சூரை மீனை அவித்து, புகை போட்டுக் காயவைப்பது தான்.) பாடம் எப்படி என்றால், பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு டெலிகிலாஸ் என்று டிவியில் நடத்துகிறார்கள், மீதியை நான் போனில் பார்க்கிறேன் என்பாள். நோன்பு மாதத்தில் சாயங்காலமானால் வீட்டுக்காரம்மா தட்டு நிறைய பலகாரம் கொடுத்தனுப்புகிறார்கள் என்று காட்டினாள். எல்லாம் சிரித்த முகமாகத் தான் சொல்வாள். நானும் நம்பினேன். கொஞ்சம் பொறாமை கூட இருந்தது என்று சொன்னால் தப்பில்லை. இங்கே நான் ஒரு படி அரிசியைப் பார்த்துப் பார்த்துப் பொங்கிக்கொண்டிருந்தேன்.

இதற்குள் பையன் என்னை "அம்மா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். பெரியம்மா என்று சொல்லுடா என்று எத்தனையோ தடவை திருத்திப் பார்த்தேன். அவளுக்கு அவன் வைத்த பெயர் "போன் அம்மா". ஒரு நாள் வீடியோவில் அவள் காதிலேயே அது விழுந்துவிட்டது. "சிக்னல் சரியில்லைக்கா" என்று கட் பண்ணினாள்.

மே மாதம் நம் கடற்படைக் கப்பல் ஜலஸ்வா மாலேயிலிருந்து 698 பேரை ஏற்றி, 10-ம் தேதி கொச்சிக்குக் கொண்டு வந்தது. அடுத்து தூத்துக்குடிக்கே வருகிறது என்று நியூஸில் சொன்னதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. துறைமுகம் எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரம் தானே! உடனே போன் போட்டேன். தூதரகத்தில் பெயர் எழுதினாயா என்று கேட்டேன். "டிசம்பர்ல ஒப்பந்தம் முடியுதுக்கா, அப்ப வாரேன்" என்றாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "ஏட்டி, உன் மனசு என்ன கல்லா? பிள்ளைக்கு உன் முகமே மறந்து போகுது. கப்பல் இங்கன வருது, ஏறி வர உனக்கு என்ன கேடு?" என்று கத்தினேன். அவள் ஒன்றும் பதில் சொல்லவில்லை.

ஜூன் 7-ம் தேதி கப்பல் வந்தது. 700 பேர். டிவியில் முகக்கவசம் போட்டுக்கொண்டு பெட்டியோடு ஒவ்வொருவராக இறங்கினார்கள். இருக்க மாட்டாள் என்று தெரிந்தும் கடைசி வரை தேடினேன்.

ஜூலையில் ஒரு நாள் எங்கள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. தங்கையோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த இன்னொரு டீச்சர். ஏழு மாத கர்ப்பம். அதே கப்பலில் வந்து, தனிமை நாட்களை முடித்து, தங்கை கொடுத்தனுப்பிய பார்சலைக் கொடுக்க வந்திருந்தார். ஒரு டப்பா மாசி, பையனுக்கு ஒரு சட்டை. வாசலிலேயே நின்று தான் பேசினார்.

அவர் சொல்லித் தான் எனக்கு விவரமே தெரிந்தது. வெங்காயமும் தக்காளியும் பல நாள் கண்ணில் படவில்லையாம். அந்த முருங்கைக்கீரை, வேலி ஓரத்தில் இவள் போய்ப் பறித்து வருவது. ஈரப்பலாக்காயை வேகவைத்து அதுவே ஒரு வேளைச் சாப்பாடு. சுற்றுலாவை நம்பின நாடு, விடுதிகளை மூடியதும் தீவில் பாதி வீட்டு ஆண்கள் வேலையில்லாமல் திரும்பி வந்துவிட்டார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு போன் தான். அப்பா தூங்கப் போன பிறகு தான் அது பிள்ளைகள் கைக்கு வருமாம். அதனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் நோட்டை போட்டோ பிடித்து வைபரில் அனுப்புவார்களாம். இவள் ஒரு மணி வரை கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தச் சின்னத் திரையில் கணக்குத் திருத்துவாளாம்.

பணம் அனுப்புவது அதைவிடப் பாடு. சம்பளம் ருஃபியாவில். பேங்க் கணக்குப்படி ஒரு டாலர் 15 ருஃபியா 42 லாரி. ஆனால் டூரிஸ்ட் இல்லாமல் டாலருக்குப் பஞ்சம். வெளியில் கூடுதல் விலை கொடுத்து வாங்கித் தான் ஊருக்கு அனுப்பியிருக்கிறாள்.

அந்தப் பணத்தில் தான் நாங்கள் சாப்பிட்டோம். இதையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்கு ஜவுளிக்கடையில் வேலை. ஏப்ரலில் பாதிச் சம்பளம், மே மாதம் அதுவும் இல்லை. அச்சகத்திலோ அந்த வருஷம் பத்திரிகை அடிக்க யார் வந்தார்கள்? இரண்டு வீட்டுக்கும் வந்த ஒரே வருமானம் அவளுடையது. அது தெரிந்திருந்தும் தான் நான் அப்படிக் கத்தினேன்.

"அவங்க பேரும் எழுதியிருந்தாங்கக்கா. கூப்பிட்டும் விட்டாங்க. ராத்திரி பூரா உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துட்டு, காலையில வரலைன்னு சொல்லிட்டாங்க. என்னைப் படகுல ஏத்திவிட ஜெட்டி வரைக்கும் வந்தாங்க" என்றார் அந்த டீச்சர்.

அன்று ராத்திரி எட்டு மணிக்கு அவளிடம் அதைப் பற்றி எதுவும் பேச எனக்கு வாய் வரவில்லை. மாசிச் சம்பல் அரைத்தேன் என்று மட்டும் சொன்னேன்.

அந்த வருஷக் கடைசியில் ஒப்பந்தம் முடிந்து, திருவனந்தபுரம் வரை விமானத்தில் வந்து, வீடு வந்து சேர்ந்தாள். பதினாலு நாள் மாடி அறையில் தனியாக இருக்க வேண்டும். சாப்பாட்டை நான் படியில் வைத்துவிட்டு வருவேன். பையன் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பான். "போன் அம்மா மாடில இருக்கா" என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னான். ஜன்னலிலிருந்து அவள் ஒன்று, இரண்டு சொல்லிக் கொடுப்பாள். இருபது வரைக்கும் அப்படித் தான் படித்தான்.

பதினைந்தாம் நாள் கீழே இறங்கி வந்து கையை நீட்டினாள். அவன் என் சேலைக்குள் ஒளிந்துகொண்டான். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி பையனை அவள் பக்கத்தில் படுக்கப் போட்டுவிட்டு, நான் வேண்டுமென்றே உள் அறையில் போய்ப் படுத்துக்கொண்டேன். நடுராத்திரி முழித்து, "அம்மா வேணும், அம்மா வேணும்" என்று என்னைக் கேட்டு அழுதான். என் வீட்டுக்காரர், "போய்த் தூக்கேன்" என்றார். நான் அசையவில்லை. அவள் தான் தோளில் போட்டுக்கொண்டு, விடியற்காலை வரை முற்றத்தில் நடந்தாள். பால்காரர் மணி அடிக்கும் போது எட்டிப் பார்த்தேன். அவள் தோளிலேயே தூங்கிப் போயிருந்தான்.

- ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்