வயல் நீரும் கால் நமைச்சலும்

முல்லைப் பெரியாறு அணையில் தண்ணீர் திறந்துவிட்டால், லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க நாற்றங்காலும் பரம்படிப்பும்தான். 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளையும் பூமி இது. நடவுக்கும் களையெடுப்புக்கும் இறங்கும் பெண்கள் பொழுதெல்லாம் முழங்கால் அளவுத் தண்ணீரில் நிற்கிறார்கள். கரையேறிய பிறகு கெண்டைக்காலில் நமைச்சல் எடுத்தால், பழி உரத்தின் மேலோ பூச்சிமருந்தின் மேலோ விழும். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால், சந்தேகப்பட வேண்டிய இன்னொன்றும் அதே தண்ணீரில் இருக்கிறது. அது ஒரு சிறு நத்தை.

ஓட்டைப் பார்த்தே அடையாளம் காணலாம்

நன்னீர் நத்தைகளில் ஒரு கூட்டத்துக்குச் செவுள் கிடையாது. நுரையீரல் போன்ற ஒரு பையில் காற்றை நிரப்பிக்கொள்வதற்காக அடிக்கடி நீரின் மேல்மட்டத்துக்கு வந்து போகும். ஓட்டின் வாயை அடைக்கும் மூடியும் இவற்றுக்கு இல்லை. ஊரில் கறி சமைக்கும் பெரிய நத்தைக்கு அந்த மூடி உண்டு. இரண்டையும் பிரித்தறிய இதுவே எளிய வழி.

வயல்களிலும் கண்மாய்களிலும் கவனிக்க வேண்டிய ஓடுகள் மூன்று. முதலாவது, கைமுறுக்கு போலத் தட்டையாகச் சுருண்ட பழுப்பு ஓடு. ‘இண்டோபிளானார்பிஸ் எக்ஸஸ்டஸ்’ என்னும் இந்த நத்தை இந்தியச் சமவெளிகளில் பரவலாக வாழ்கிறது. நன்கு வளர்ந்தால் இரண்டரை சென்டிமீட்டர் அகலம் வரும். இரண்டாவது ‘லிம்னியா’. ஓடு மெல்லியது, வாய் அகன்றது. கூர்முனையை மேலே வைத்து வாயை நம் பக்கம் திருப்பினால் திறப்பு வலப்பக்கம் இருக்கும். அப்படிப் பிடிக்கும்போது திறப்பு இடப்பக்கம் இருந்தால் அது மூன்றாவது வகையான ‘ஃபைசா’. சாக்கடையிலும் மீன் தொட்டியிலும்கூட இது பிழைத்துக்கொள்ளும்.

இந்த நத்தைகளில் ஆண், பெண் தனித்தனியாக இல்லை. துணை கிடைக்காவிட்டால் ஒற்றை நத்தையே முட்டையிட்டு இனம் பெருக்கும். வயல் காய்ந்தால் தட்டைச் சுருள் நத்தை சேற்றுக்குள் புதைந்து அடுத்த தண்ணீருக்குக் காத்திருக்கும். ஓடும் ஆற்றைவிடத் தேங்கிய நீரும் களை மண்டிய வாய்க்காலும்தான் இவற்றுக்குப் பிடித்த இடம். வரப்பில் கிடக்கும் உலர்ந்த காலி ஓட்டைக் குழந்தைகள் தொட்டு விளையாடுவதால் எந்த நோயும் ஒட்டாது.

மாட்டிடமிருந்து நத்தைக்கு, நத்தையிடமிருந்து மனிதருக்கு

நத்தைக்கென்று விஷம் கிடையாது. அது வேறொரு உயிருக்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். மாடுகளின் ரத்தக்குழாயில் வாழும் ‘சிஸ்டோசோமா’ என்ற ரத்தப்புழுவின் முட்டைகள் சாணத்தோடு தண்ணீரில் விழுகின்றன. பொரிந்து வரும் இளம்புழு நீந்திப்போய் தட்டைச் சுருள் நத்தையைத் துளைத்து உள்ளே நுழைகிறது. அங்கே பல மடங்காகப் பெருகிப் பிளவுபட்ட வாலுடன் நுண்புழுக்களாக வெளியேறுகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த நுண்புழுக்களின் ஆயுள் ஓரிரு நாள்தான். அதற்குள் ஒரு மாட்டின் தோலை எட்டியாக வேண்டும்.

அந்த நேரத்தில் மனிதக் கால் குறுக்கே வந்தால், புழுவுக்கு மாடென்றும் மனிதரென்றும் தெரியாது. தோலைத் துளைத்துவிடும். மனித உடலில் அதனால் வளர முடியாது என்பதால் தோலிலேயே மடியும். அதை எதிர்த்து உடல் காட்டும் ஒவ்வாமையே நமைச்சலும் சிவந்த தடிப்பும்.

குளத்தில் குளிப்பவர்களுக்கு வரும் அரிப்புக்கு இத்தகைய நுண்புழுக்களே காரணம் என்று அமெரிக்காவின் மிச்சிகனில் 1928-இல் வில்லியம் கோர்ட் கண்டறிந்தார். மலாயா நெல்வயல்களில் வேலை செய்தவர்களின் அரிப்புக்கு மாட்டு ரத்தப்புழுவே காரணம் என்று 1938-இல் பக்லி எழுதினார். இந்தியாவில் அசாமிலும் மத்தியப் பிரதேசத்திலும் இத்தகைய அரிப்பு பதிவாகியுள்ளது.

சேற்றுப்புண்ணா, நத்தைப் புழுவா?

இரண்டையும் குழப்பிக்கொள்வது இயல்பு. சேற்றுப்புண் கால்விரல் இடுக்கில் வரும். தோல் ஊறி வெளுத்து வெடிக்கும். நுண்புழுவால் வரும் நமைச்சல் தண்ணீர் பட்ட இடமெல்லாம், குறிப்பாகக் கெண்டைக்காலிலும் முன்கையிலும் தெரியும். கரையேறிச் சிறிது நேரத்திலேயே சுருக்கென்று குத்தும். சில மணி நேரத்தில் சிறு சிவப்புக் கொப்புளங்கள் எழும். இரண்டு மூன்று நாள் அரிப்பு கடுமையாக இருந்து, ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கும். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. ஆனால் முதல் தடவையைவிட அடுத்தடுத்த தடவைகளில் தடிப்பு அதிகமாகும்.

கேலமைன் களிம்பும், மருத்துவர் தரும் ஒவ்வாமை மாத்திரையும் பெரும்பாலும் போதும். சொறிந்து புண்ணாக்கினால்தான் சீழ் வைக்கும். காய்ச்சல், சீழ், பரவும் வீக்கம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். சர்க்கரை நோயாளிகள் காலில் சிறு புண் வந்தாலே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

மாடு குறட்டை விட்டால்

மனிதருக்கு இது ஓரிரு வாரத் தொல்லை. மாட்டுக்கோ பல மாத நோய். ரத்தப்புழுவில் ஒருவகை மாட்டின் மூக்கு ரத்தக்குழாயில் குடியேறும். மூக்குக்குள் சதை வளர்ந்து, சளியும் ரத்தமும் ஒழுகி, மாடு குறட்டை விடுவதுபோல் மூச்சுவிடும். ‘சிஸ்டோசோமா நேசாலே’ என்று இந்தப் புழுவுக்கு 1933-இல் பெயர் சூட்டியவர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஆய்வாளர் எம். அனந்தநாராயண ராவ்.

லிம்னியா நத்தை வழியாக வருவது ஈரலைத் தாக்கும் தட்டைப்புழு. அதன் நுண்கூடுகள் நீரோரப் புல்லில் ஒட்டியிருக்கும். மேயும் ஆடு மாடுகள் மெலிந்து, தாடைக்கடியில் நீர் கோத்து வீங்கும், பால் குறையும். அதே கூடுகள் நீரோரக் கீரையிலும் ஒட்டக்கூடும். ஆகவே கால்நடை இறங்கும் கண்மாய்க் கரையில் பறித்த வல்லாரையைப் பச்சையாக மெல்ல வேண்டாம். கழுவினால் மட்டும் போதாது, வேகவைத்தே சாப்பிட வேண்டும். நத்தைக் கறிக்கும் இதே விதிதான். அரைவேக்காட்டு நத்தை வழியாக எலியின் நுரையீரல் புழு மனித மூளையைப் பாதிக்கக்கூடும்.

ஆப்பிரிக்க நோய் இங்கும் வருமா?

எகிப்தில் 1851-இல் தியோடர் பில்ஹார்ஸ் கண்டறிந்த மனித ரத்தப்புழு, ஆப்பிரிக்காவில் இன்றும் கோடிக்கணக்கானோரைத் தாக்குகிறது. அது நத்தை வழியாகவே பரவுகிறது என்று 1915-இல் ராபர்ட் லைப்பர் நிறுவினார். இந்தியாவில் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்திலுள்ள கிம்வி கிராமத்தில் இத்தகைய நோய் 1952-இல் பதிவானது. தட்டைச் சுருள் நத்தை நம் வயலில் சுமப்பதோ மாட்டுப் புழுக்களை. அவை மனித உடலில் முதிர்வதில்லை என்பதால் சிறுநீரில் ரத்தம், ஈரல் வீக்கம் என்று பயப்பட வேண்டியதில்லை.

வயலில் செய்ய வேண்டியவை

கரையேறியதும் ஈரம் காயும் முன்பே துண்டால் அழுத்தித் துடைத்து, ஆழ்துளைக் கிணற்று நீரில் காலைக் கழுவுவது முதல் பாதுகாப்பு. தண்ணீர் பாய்ச்சவும் வாய்க்கால் சுத்தம் செய்யவும் போகும்போது முழங்கால் ரப்பர் பூட்ஸ் உதவும். வயலை எப்போதும் தேக்கி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால் நத்தை குறையும், தண்ணீரும் மிச்சம்.

மேய்ச்சல் வாத்துகள் நத்தையைத் தின்னும். ஆனால் அவற்றிடமும் நமைச்சல் தரும் பறவை ரத்தப்புழுக்கள் இருக்கலாம். ஆகவே வாத்தை மட்டும் நம்ப முடியாது. மயில்துத்தத்தைக் கரைத்துவிடுவதோ மீனையும் சேர்த்துக் கொல்லும்.

கண்மாயிலும் வாய்க்காலிலும் சாணம் கலப்பதைத் தடுப்பதுதான் அடிப்படைத் தீர்வு. மாட்டுக்குத் தொட்டியில் தண்ணீர் காட்டுங்கள். சாதாரணக் குடற்புழு மருந்துகள் எல்லாம் தட்டைப்புழுவையோ ரத்தப்புழுவையோ கொல்லாது. மாடு குறட்டை விட்டாலோ தாடை வீங்கினாலோ, சாணத்தையும் மூக்குச் சளியையும் கால்நடை மருத்துவரிடம் கொடுத்துப் பரிசோதித்த பிறகே மருந்து கொடுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம்.