வீரரைப் போற்றுவோம், யுத்தத்தை அல்ல

1944-ம் வருஷம் பிப்ரவரி 24-ந் தேதி, இத்தாலியில் மிக்னானோ என்னும் ஊருக்கருகே, சென்னை ஸாப்பர்ஸ் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியம் சில சிப்பாய்களுடன் கண்ணிவெடிகளை அகற்றிக் கொண்டிருந்தார். ஒரு சிப்பாயின் கால் வெடியொன்றின் மேல் பட்டுவிட்டது. அது வெடிக்கச் சில விநாடிகளே இருந்தன. சுப்பிரமணியம் அதன்மேல் பாய்ந்து தம் உடலால் மூடினார். அவர் மாண்டார், உடனிருந்தோர் பிழைத்தனர். பிரிட்டிஷ் ஸர்க்கார் அவருக்கு ‘ஜார்ஜ் கிராஸ்’ பதக்கம் வழங்கியது.

அந்த யுத்தத்தில் இந்தியா எப்படிச் சேர்ந்தது? 1939 செப்டம்பர் 3-ந் தேதி வைஸ்ராய் லின்லித்கோ, ஜனப் பிரதிநிதிகளின் சம்மதத்தைக் கேளாமலே நம் தேசத்தையும் அதில் பிணைத்தார். அதை ஆட்சேபித்து, சென்னையில் ராஜாஜி மந்திரிசபை உள்படக் காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமாச் செய்தன. நாஜிக் கொடுமைக்கு நம் தலைவர்கள் பரிந்து பேசவில்லை. சுதந்திரத்தின் பெயரால் ஓர் அடிமை தேசத்தைப் போருக்கு இழுத்த அநியாயத்தையே எதிர்த்தார்கள். சுமார் 25 லட்சம் இந்தியர் அப்போரில் பணியாற்றினர். ஏறக்குறைய 87,000 பேர் திரும்பவில்லை.

யுத்தத்தை வெறுப்பவர் இந்த வீரரை வணங்கலாமா? தாராளமாக வணங்கலாம். அவர் அன்று எவரையும் கொல்லவில்லை. யுத்தம் புதைத்து வைத்த மரணத்தைத் தோண்டியெடுக்கப் போனவர், தோழர்களுக்காக அதைத் தாமே ஏற்றுக்கொண்டார். அந்தத் தியாகம் அவருடையது. அதைத் தங்கள் யுத்தத்துக்கு நற்சாட்சிப் பத்திரமாகக் காட்டும் உரிமை எந்த ஸர்க்காருக்கும் கிடையாது. அத்தகைய மனிதரைப் பலிகொண்டது என்பதே, யுத்தத்தின்மீது நாம் சாட்டும் முதற் குற்றம்.