கொள்ளை நோயும் கொள்ளை இலாபமும்

பங்கு என்ற சொல்லைக் கேட்டதும் இவ்விதழின் வாசகர்களுக்குப் பங்குக் கோவிலும் பங்குத் தந்தையும் நினைவுக்கு வருவது இயல்பே. நாம் இங்கு எடுத்துக்கொண்டிருப்பதோ வேறொரு பங்கு. பங்குச் சந்தையில் காலையில் வாங்கி மாலையில் விற்கப்படும் பங்கு. இவ்விரண்டு பங்குகளும் ஒன்றையொன்று சந்திக்கும் என்று நாம் எண்ணியதே இல்லை, 2024 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து ஞாயிறு ஒன்றில், பூசை முடிந்து வெளியே வந்தபோது ஒரு தாய் நம்மை வழிமறித்து நிறுத்தும் வரை.

அவருடைய மகன் அமெரிக்காவில் கணினித் துறையில் பணியாற்றுகிறார். தங்கையின் திருமணத்துக்கெனச் சேர்த்து வைத்திருந்த தொகையில் பெரும் பகுதியைக் கொண்டு, ஒரு சிறிய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தின் பங்குகளை வாங்கியிருந்தார். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அப்போது ஆப்பிரிக்காவில் குரங்கம்மை பரவிக்கொண்டிருந்தது. மகன் கைப்பேசியில் அனுப்பியிருந்த செய்தியை அந்தத் தாய் நமக்குப் படித்துக் காட்டினார்: “அம்மா, இந்த நோய் இன்னும் ஒரு மாதம் பரவினால் போதும். தங்கச்சி கல்யாணத்தை ஜாம் ஜாமென்று நடத்திவிடலாம்.”

“தினமும் செபமாலையிலே நோயாளிகளுக்காகச் செபிக்கிறேன். இனிமேல் நோய் தீரட்டும் என்று கேட்பதா, பரவட்டும் என்று கேட்பதா, நீங்களே சொல்லுங்கள்” என்றார் அவர்.

நமக்கு அந்த இடத்தில் விடை கூற இயலவில்லை. பங்குச் சந்தை நமக்குப் பழக்கமான இடமுமன்று. ஆயினும் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. இத்தகைய பங்குகளின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். படித்ததில் பெரும் பகுதி அமெரிக்க நாட்டைப் பற்றியது. ஏனெனில் இந்த ஆட்டம் மிக மும்முரமாக நடப்பது அங்கேதான்.

எபோலா ஆண்டு

2014 ஆம் ஆண்டு மேற்கு ஆப்பிரிக்காவின் கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளையும் எபோலா என்னும் கொடிய காய்ச்சல் சூறையாடியது. நோயுற்றோர் 28,000 பேருக்கு மேல். மாண்டோர் 11,000 பேருக்கு மேல். நம் திருச்சபையும் அதில் தன் பிள்ளைகளை இழந்தது. லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில், கடவுளின் புனித யோவான் சபைச் சகோதரர்கள் நடத்திவந்த புனித யோசேப்பு மருத்துவமனையின் இயக்குநர் அருட்சகோதரர் பாட்ரிக் ஆகஸ்டு 2 ஆம் நாள் இறந்தார். அவரைப் பராமரித்தோரையும் நோய் தொற்றியது. எழுபத்தைந்து வயதான ஸ்பானியக் குருவானவர் மிகேல் பஹாரெஸ் மாட்ரிட் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஆகஸ்டு 12 ஆம் நாள் அங்கே உயிர் நீத்தார்.

அந்நாட்களில் உலகமெங்கும் உச்சரிக்கப்பட்ட மருந்து ‘சீமாப்’. புகையிலை இனச் செடிகளுக்குள் வளர்த்தெடுக்கப்பட்ட எதிர்ப்புப் புரதங்களின் கலவை அது. லைபீரியாவில் நோயுற்ற இரு அமெரிக்க மிஷனரிகளுக்கு அது கொடுக்கப்பட்டது, இருவரும் பிழைத்தனர். அருட்தந்தை பஹாரெசுக்காகவும் ஸ்பெயின் அதை வரவழைத்தது, அவர் பிழைக்கவில்லை. ஆகஸ்டு மாத நடுவிலேயே கையிருப்பு தீர்ந்துபோயிற்று. சில நோயாளிகளுக்கு மட்டுமே போதுமான அளவுதான் உலகில் இருந்தது!

செய்தி பரவியதும் சந்தையில் இருந்தோர் அந்த மருந்துக்குரிய நிறுவனத்தின் பங்கைத் தேடினார்கள். சான் டியேகோ நகரிலுள்ள அந்தச் சிறு நிறுவனம் தனியாருக்குரியது. அதன் பங்கு எந்தச் சந்தையிலும் விற்கப்படவில்லை. விரும்பிய பண்டம் கடையில் இல்லையென்றால் வீட்டுக்குத் திரும்புவதுதானே முறை? சந்தையில் அப்படி நடப்பதில்லை. எபோலா என்ற சொல்லோடு எவ்வகையிலேனும் ஒட்டிக்கொண்டிருந்த எல்லாச் சிறு நிறுவனங்களின் மேலும் பணம் பாய்ந்தது. கனடாவின் டெக்மிரா என்ற நிறுவனம் எபோலா மருந்து ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தது. அதன் பாதுகாப்புப் பற்றிய ஐயத்தால் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் ஜூலையில் சோதனையை நிறுத்தி வைத்திருந்தது. ஆகஸ்டு மாதம் அந்தத் தடை ஓரளவு தளர்த்தப்பட்டதும் பங்கு விலை துள்ளி எழுந்தது. செப்டம்பர் 30 ஆம் நாள் டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரில் ஒருவருக்கு எபோலா உறுதியானபோது, முகக்கவசமும் பாதுகாப்பு அங்கியும் தைத்து விற்கும் நிறுவனங்களின் பங்குகளும் ஏறின. மேற்கு ஆப்பிரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் இறந்தபோது நடந்ததைவிட, அமெரிக்க மண்ணில் ஒருவர் நோயுற்றபோது சந்தையில் ஏற்பட்ட கொந்தளிப்பு பெரிது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம். சந்தை அளந்தது நோயை அன்று, வாங்குவோரின் அச்சத்தை.

டெக்மிராவின் மருந்து என்னவாயிற்று? 2015 ஆம் ஆண்டு சியரா லியோனில் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தனர். பலன் கிட்டும் அறிகுறி இல்லாமையால் ஜூன் மாதம் சோதனை முடித்துக்கொள்ளப்பட்டது. அதற்குள் அந்நிறுவனம் வேறொன்றோடு இணைந்து, அடுத்த மாதம் பெயரையும் மாற்றிக்கொண்டு, கல்லீரல் அழற்சி நோய்க்கான மருந்துகளின் பக்கம் திரும்பிவிட்டது. எல்லோரும் பங்கு தேடி அலைந்த அந்தச் சீமாப்பும், 2018, 2019 ஆம் ஆண்டுகளில் காங்கோ நாட்டில் நடந்த ஒப்பீட்டுச் சோதனையில் வேறு இரு மருந்துகளிடம் தோற்றுப்போயிற்று. அவ்விரண்டில் ஒன்று, 1995 இல் அந்நாட்டின் கிக்விட் நகரில் எபோலாவிலிருந்து பிழைத்தெழுந்த ஒருவரின் இரத்தத்திலிருந்து கண்டெடுக்கப்பட்டது. பிழைத்தவரின் இரத்தம் பிறரைப் பிழைப்பிக்கிறது! இதைப் படித்தபோது நாம் சற்று நேரம் வேறெதையும் படிக்காமல் அமர்ந்திருந்தோம்.

பணம் எங்கே போகிறது?

நோய் தீர்க்க உழைக்கும் நிறுவனத்துக்குத்தானே பணம் கொடுக்கிறோம், அது நற்செயலன்றோ என்று சிலர் கேட்கலாம். அந்தத் தாயின் மகனும் இவ்வாறே வாதாடினாராம். வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆராய்ச்சிக்கு முதல் வேண்டும். முதல் போடுவோர் இல்லையேல் பல மருந்துகள் பிறந்திரா. ஆனால் சந்தையில் நாம் ஒரு பங்கை வாங்கும்போது பணம் போவது பெரும்பாலும் நிறுவனத்துக்கன்று. அப்பங்கை நமக்கு முன் வைத்திருந்து, இப்போது நம்மிடம் விற்றுவிட்டுப் போகும் மனிதருக்கே போகிறது. அவர் ஏன் விற்கிறார் என்று வாங்குகிறவர் கேட்பதில்லை.

நிறுவனத்துக்குப் பணம் போகும் வழி ஒன்று உண்டு. விற்க மருந்தேதும் இல்லாத சிறு நிறுவனம் மாதந்தோறும் கையிருப்பைக் கரைத்துக்கொண்டே இருக்கும். அச்சத்தால் விலை ஏறியவுடன் அது புதிய பங்குகளை அச்சிட்டு விற்றுவிடும். அதனால் நிறுவனம் இன்னும் ஓராண்டு உயிர் வாழும். முன்பே வாங்கியவரின் பங்கோ பாலில் நீர் கலந்தாற்போல மெலிந்துவிடும். இது சட்டத்துக்கு உட்பட்ட செயலே. அதை யாரும் மறைப்பதுமில்லை; பத்திரங்களில் சிறிய எழுத்தில் எல்லாம் எழுதப்பட்டிருக்கும்.

இதற்கு மேல் காலத்தின் கணக்கு ஒன்று இருக்கிறது. மனிதரிடம் சோதனைக்கு வரும் மருந்துகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான் இறுதியில் அரசின் அனுமதியைப் பெறுகிறது; அதற்கும் பல ஆண்டுகள் செல்லும். அச்சமோ சில வாரங்களில் அடங்கிவிடும். நோய் தணிந்தால் சோதனை செய்ய நோயாளிகளே கிடைக்கமாட்டார்கள். 2016 இல் பிரேசிலிலிருந்து சிக்கா நோய் உலகை அச்சுறுத்தியபோது தடுப்பூசி தயாரிக்கப் பலர் புறப்பட்டனர். இன்றுவரை ஒன்றும் விற்பனைக்கு வரவில்லை.

உண்மையாகவே வென்ற ஒரு தடுப்பூசியின் கதையைக் கேளுங்கள். எபோலாவுக்கான அந்தத் தடுப்பூசியை உருவாக்கியவர்கள் கனடாவின் வின்னிபெக் நகரிலுள்ள அரசு ஆய்வகத்தார். வரிப்பணத்தில் பிறந்த அந்தக் கண்டுபிடிப்பு ஆண்டுக்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடந்தது. ஆப்பிரிக்க ஏழைகளுக்கு மட்டுமே வரும் நோய்க்கு மருந்து செய்ய யார் முன்வருவர்? 2010 ஆம் ஆண்டு நியூலிங்க் என்னும் சிறிய அமெரிக்க நிறுவனம், சுமார் 2 இலட்சம் கனடிய டாலருக்கு அதன் உரிமையைப் பெற்றது. 2014 நவம்பரில் அதே உரிமையை மெர்க் என்ற பெரும் நிறுவனம் 3 கோடி அமெரிக்க டாலர் முன்பணம் கொடுத்து வாங்கிக்கொண்டது. அந்நாட்களில் நியூலிங்கின் பங்கு ஒன்று 30 டாலருக்கு மேல் விற்றது. 2015 இல் கினியில் நடந்த சோதனையில் தடுப்பூசி வென்றது. 2019 டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. அந்த அனுமதிக்கு முன்பே, 2018 இல் காங்கோவில் மூண்ட நோயின்போது அதைப் போடத் தொடங்கி, 3 இலட்சம் பேருக்கு மேல் போட்டனர். இவ்வளவும் நடந்தபின் பங்கு எங்கே நின்றது? அனுமதி கிடைத்த அந்த மாதத்தில் 3 டாலரைக்கூட எட்டவில்லை! அந்நிறுவனம் பெரிதும் நம்பியிருந்த புற்றுநோய் மருந்து தோற்றுப்போனதே காரணம். எபோலா அச்சத்தில் பங்கை வாங்கியோர், தாம் வாங்கியது உண்மையில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சிக் கம்பெனியை என்பதை அறிந்திருந்தார்களோ, என்னவோ.

கொரோனா காலத்தில்

2020 ஆம் ஆண்டைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. எல்லா இல்லங்களும் அதை அறியும். வீட்டில் அடைபட்டிருந்த இளைஞர் பலர் முதன்முறையாகப் பங்குச் சந்தைக்குள் நுழைந்தது அவ்வாண்டில்தான். நோவாவாக்ஸ் நிறுவனத்தின் பங்கு 2020 சனவரியில் சுமார் 4 டாலர். 2021 பெப்ருவரியில் 300 டாலருக்கு மேல். 2022 முடிவில் 10 டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது. இத்தனைக்கும் அந்நிறுவனம் நல்ல தடுப்பூசியைச் செய்தே காட்டியது. நம் நாட்டில் பூனா நகரத்துச் சீரம் நிறுவனம் அதைத் தயாரித்தது. 4 டாலருக்கு வாங்கியவரைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். 300 டாலருக்கு அவரிடமிருந்து வாங்கியவர் யார்? அவர் தம் வீட்டாரிடம்கூடச் சொல்லியிருக்கமாட்டார்.

மற்றொரு நிறுவனம், தன் வாய்வழித் தடுப்பு மருந்தை அமெரிக்க அரசின் பெருந்திட்டத்தில் சேர்த்துக்கொண்டதாக 2020 ஜூன் 26 ஆம் நாள் அறிவித்தது. உண்மையில் குரங்குகளிடம் செய்யும் ஆய்வு ஒன்றுக்கே அது தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. விலை விண்ணைத் தொட்டது; அந்நிறுவனத்தில் முன்பே பெரும் பங்கு வைத்திருந்த நிதியமைப்பு ஒன்று விற்று, ஏறத்தாழ 20 கோடி டாலர் இலாபம் கண்டதாகப் பத்திரிகைகள் எழுதின. கலிபோர்னியாவில் அர்ரேயிட் என்ற சிறு நிறுவனத்தின் தலைவர், ஒரு துளி இரத்தத்தில் கொரோனாவைக் கண்டறியும் சோதனை தம்மிடம் இருப்பதாகக் கூறி முதலீட்டாளரை ஏமாற்றினார் என்று 2022 இல் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டு, அடுத்த ஆண்டு 8 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். எபோலா காலத்திலும், 2014 நவம்பரில், இத்தகைய வீண் விளம்பரம் காரணமாக நான்கு சிறு நிறுவனங்களின் பங்கு வணிகத்தை அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் நிறுத்தி வைத்தது. எல்லாரும் மோசக்காரர் என்று நாம் கூறவரவில்லை. இரவு பகல் பாராது உழைத்த நல்ல விஞ்ஞானிகளே மிகப் பலர். ஆனால் காட்டுத் தீ மூளும்போது வேட்டைக்காரரும் காட்டுக்குள் வந்துவிடுகிறார்கள்.

தாயின் கேள்வி

இவ்வளவையும் படித்தறிந்து, அந்தத் தாயின் இல்லத்துக்குச் சென்றோம். குரங்கம்மைச் செய்தியையும் அவருக்கு விளக்கினோம். 2024 ஆகஸ்டு 14 ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் அதை உலகளாவிய அவசர நிலை என்று அறிவித்தது. மறுநாளே, அந்நோய்க்கென நம்பப்பட்டிருந்த டெக்கோவிரிமாட் என்னும் மாத்திரை, காங்கோவில் நடந்த சோதனையில் கொப்புளங்கள் ஆறும் காலத்தைக் குறைக்கவில்லை என்ற முடிவு வெளியாயிற்று. அபாயச் சங்கு ஊதியதற்கும் ஏமாற்றம் வந்ததற்கும் இடையே ஒரே இரவு!

“பணம் போனால் போகட்டும்” என்றார் அவர். “அவன் நல்ல பிள்ளை. சிறுவனாயிருந்தபோது தெருவிலே அடிபட்ட நாய்க்குட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்து அழுதவன். அவன் கையாலே நோய் பரவினால் போதும் என்று எழுதினானே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.”

மகனோடு தொலைபேசியில் பேசுமாறு நம்மை வேண்டினார். பேசினோம். மரியாதையாகவே பேசினார் அந்த இளைஞர். தாம் வாங்குவதால் ஆப்பிரிக்காவில் ஒருவர் கூடுதலாக நோயுறப்போவதில்லை என்றார். அது உண்மையே, நாமும் மறுக்கவில்லை. காலையில் எழுந்ததும் அந்நாட்டுச் செய்தியில் முதலில் எதைப் பார்க்கிறீர்கள் என்று மட்டும் கேட்டோம். சிறிது மௌனமாயிருந்துவிட்டு, “எண்ணிக்கையை” என்றார். கூடியிருந்தால் மனம் என்ன சொல்லும் என்ற அடுத்த கேள்வியை நாம் கேட்கவில்லை.

சில வாரங்கள் கழித்துக் கோவில் முற்றத்தில் அந்தத் தாயை மீண்டும் கண்டோம். பங்குகளில் பாதியை நட்டத்துக்கு விற்று, பணத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம் மகன். திருமணத்தைத் தை மாதத்தில் எளிமையாக நடத்த இரு வீட்டாரும் இசைந்துள்ளனர். மீதிப் பாதியை என்ன செய்வதாம் என்று கேட்டோம்.

“வைத்திருக்கிறானாம், ஐயா. அடுத்த நோய் வருகிறபோது ஏறுமாம்.”