சிறு தனியார் குடிநீர் அமைப்பு (ஐக்கிய அமெரிக்கா)

சிறு தனியார் குடிநீர் அமைப்பு என்பது, தனி ஒருவரோ, நிறுவனமோ, குடியிருப்பாளர் சங்கமோ தமக்குச் சொந்தமான கிணறு, தொட்டி, குழாய்கள் ஆகியவற்றைக் கொண்டு ஒரு சிறு மக்கள் தொகுதிக்குக் குடிநீர் வழங்கும் ஏற்பாடு ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் நகராட்சிக் குழாய்கள் சென்றடையாத குடியிருப்புகள், பள்ளிகள், தொழிற்சாலைகள், முகாம் திடல்கள், நெடுஞ்சாலை உணவகங்கள் முதலியவற்றில் இத்தகைய அமைப்புகள் காணப்படுகின்றன. உரிமை தனியாருடையது எனினும், நீரை அருந்துவோரின் எண்ணிக்கை குறிப்பிட்ட அளவை எட்டினால் இவை சட்டத்தின் பார்வையில் பொதுக் குடிநீர் அமைப்புகளாகக் கருதப்படுகின்றன.

சட்ட வரையறை

1974 ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்டு, 1986, 1996 ஆகிய ஆண்டுகளில் பெரிதும் திருத்தப்பட்ட பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் இத்துறையின் அடிப்படைச் சட்டமாகும். குறைந்தது 15 இணைப்புகளைக் கொண்ட, அல்லது ஆண்டில் குறைந்தது 60 நாட்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 25 பேருக்கேனும் குடிநீர் வழங்கும் அமைப்பு இச்சட்டத்திற்கு உட்படும். ஒரு வீட்டிற்கு மட்டும் பயன்படும் கிணறு இவ்வரையறைக்குள் வராது. அதன் நீரைச் சோதிப்பது வீட்டுரிமையாளரின் பொறுப்பாகும்.

பொதுக் குடிநீர் அமைப்புகள் மூன்று வகைப்படும்:

- ஆண்டு முழுவதும் வசிப்போருக்கு நீர் வழங்குபவை. (எ.கா: குடியிருப்புத் தொகுதி)
- வசிப்போர் அல்லாத, ஆனால் ஆண்டில் ஆறு மாதங்களுக்கு மேல் வந்து செல்லும் அதே மக்களுக்கு வழங்குபவை. (எ.கா: பள்ளி, தொழிற்சாலை)
- வழிப்போக்கருக்கு வழங்குபவை. (எ.கா: முகாம் திடல், உணவகம்)

தர வரம்புகளைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுக்கின்றது. வயோமிங் தவிர்ந்த ஏனைய மாநிலங்கள் அவற்றைத் தாமே நடைமுறைப்படுத்துகின்றன.

தர வரம்புகள்

நோய்க்கிருமிகளை ஒவ்வொன்றாகத் தேடுவது கடினமாதலால், மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ. கோலை பாக்டீரியா சுட்டியாகக் கொள்ளப்படுகிறது. வேதிப்பொருட்களுள் கிணற்று நீருக்கு முக்கியமானவை நைத்திரேட்டும் ஆர்சனிக்கும் ஆகும்.

நைத்திரேட்டின் வரம்பு, நைதரசன் அளவில், லீட்டருக்கு 10 மில்லிகிராம். உரம், சாணம், கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றிலிருந்து இது நிலத்தடி நீரில் கலக்கிறது. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளின் குருதி ஆக்சிசனைச் சுமக்கும் திறனை இது குறைப்பதால், இவ்வரம்பை மீறுவது உடனடி ஆபத்தாகக் கருதப்படுகிறது. இந்நீரைக் காய்ச்சுவதால் பயனில்லை. நீர் ஆவியாக, எஞ்சிய நீரில் நைத்திரேட்டின் செறிவு கூடும்.

ஆர்சனிக் பல இடங்களில் பாறைகளிலிருந்து இயற்கையாகவே நீரில் கலக்கிறது. இதன் வரம்பு 2006 ஆம் ஆண்டு லீட்டருக்கு 0.05 மில்லிகிராமிலிருந்து 0.01 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. இதனால் நீரில் எந்த மாற்றமும் இல்லாமலேயே பல சிறு அமைப்புகள் வரம்பை மீறியவையாயின.

கண்காணிப்பு

1,000 பேர் வரை வசிக்கும் குடியிருப்பு அமைப்பு, பொதுவாக மாதம் ஒருமுறை கோலிஃபார்ம் சோதனைக்கு நீர் மாதிரி எடுக்க வேண்டும். குளோரீன் இட்ட நீராயின், குளோரீனைச் செயலிழக்கச் செய்யும் பொருள் இடப்பட்ட தூய குப்பியில் மாதிரி எடுக்கப்பட்டு, 30 மணி நேரத்திற்குள் சோதனை தொடங்கப்படவேண்டும்.

மாதிரியில் கோலிஃபார்ம் காணப்பட்டால், முடிவு தெரிந்த 24 மணி நேரத்திற்குள் மேலும் மூன்று மாதிரிகள் எடுக்கப்படவேண்டும். வழக்கமான மாதிரியில் ஈ. கோலை காணப்பட்டு, அதன்பின் இம்மறு மாதிரிகள் முழுமையாக எடுக்கப்படாவிட்டால், அது ஈ. கோலை வரம்பையே மீறியதாகக் கொள்ளப்படும். 2013 இல் வெளியிடப்பட்டு 2016 முதல் நடைமுறைக்கு வந்த திருத்திய கோலிஃபார்ம் விதி இதனைக் கூறுகிறது.

பொது அறிவிப்பு

உடனடி ஆபத்து உள்ளபோது 24 மணி நேரத்திற்குள்ளும், ஏனைய வரம்பு மீறல்களில் பொதுவாக 30 நாட்களுக்குள்ளும், பெரும்பாலான சோதனைத் தவறல்களில் ஓராண்டுக்குள்ளும் பயனர்களுக்கு அறிவிக்கவேண்டும். கிருமி கலந்த நீரை ஒரு நிமிடம் கொதிக்கவைத்து அருந்துமாறு அறிவுறுத்தப்படும். இதனால், காய்ச்சுவதா காய்ச்சாதிருப்பதா என்பதை அறிவிப்பு தெளிவாகக் கூறவேண்டியது இன்றியமையாதது.

நோய்ப்பரவல்கள்

1993 ஆம் ஆண்டின் இறுதியில் மிசூரி மாநிலத்தின் கிடியன் என்னும் சிற்றூரில், குளோரீன் இடப்படாத குடிநீர் வழியாகச் சால்மோனெல்லா பரவியது. ஏறத்தாழ 1,100 பேர் வாழ்ந்த அவ்வூரில் 600 பேருக்கு மேல் நோயுற்றதாக மதிப்பிடப்பட்டது. முதியோர் காப்பகத்தில் 7 பேர் இறந்தனர். நீர்த்தொட்டியினுள் பறவைகளின் எச்சம் கலந்ததே காரணமாகக் கருதப்படுகிறது. இது ஊராட்சியின் அமைப்பு எனினும், சிறு அமைப்புகளில் ஒரு தொட்டியின் மூடி பழுதுபட்டால் ஊர் முழுவதும் பாதிக்கப்படலாம் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

1999 ஆகஸ்டில் நியூ யார்க் மாநிலத்தின் வாசிங்டன் கவுண்டிச் சந்தையில், குளோரீன் இடப்படாத கிணற்று நீர் பானங்களிலும் பனிக்கட்டியிலும் பயன்பட்டது. அதிலிருந்த நச்சு வகை ஈ. கோலையால் 780 பேருக்கு மேல் நோயுற்றனர் என மதிப்பிடப்பட்டது. ஒரு குழந்தையும் முதியவர் ஒருவரும் இறந்தனர்.

இணக்கச் சிக்கல்கள்

பொதுக் குடிநீர் அமைப்புகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை 10,000 பேருக்கோ அதற்குக் குறைவானோருக்கோ நீர் வழங்குபவை. பதிவாகும் மீறல்களுள் பெரும்பாலானவை மாசு தொடர்பானவை அல்ல. உரிய காலத்தில் சோதிக்காமையும் அறிக்கை அனுப்பாமையுமே ஆகும். சோதிக்கப்படாத மாதத்தில் நீர் தூயதாக இருந்ததா என்பதைப் பின்னர் அறிய வழியில்லாததால், இவற்றை வெறும் எழுத்துப் பிழைகளாகக் கொள்ள இயலாது.

இதற்கு முதன்மைக் காரணம் ஆள் பற்றாக்குறை ஆகும். பெருநகரில் தனித் துறைகள் செய்யும் பணிகளைச் சிறு அமைப்பில் ஒருவரே, பெரும்பாலும் பகுதிநேரமாக, செய்கிறார். சுத்திகரிப்புக் கருவியின் செலவும் சில பத்து வீடுகளுக்குள்ளேயே பகிரப்படவேண்டியுள்ளது.

தீர்வுகள்

1996 ஆம் ஆண்டுத் திருத்தம், இயக்குநர்களுக்குத் தகுதிச் சான்று வழங்கும் முறையையும், மாநிலங்கள் வழியாகக் குறைந்த வட்டிக் கடன் வழங்கும் சுழல்நிதியையும் ஏற்படுத்தியது. தனியார் குடியிருப்பு அமைப்புகளும் கூட்டரசுச் சட்டப்படி இந்நிதிக்குத் தகுதியுடையவை. அண்மையிலுள்ள பெரிய அமைப்புடன் இணைதல், பல சிறு அமைப்புகள் சான்று பெற்ற ஓர் இயக்குநரைப் பகிர்ந்துகொள்ளல் ஆகியவையும் நடைமுறையில் உள்ள வழிகளாகும்.