புகையில் போகும் பொருள்

சிமெண்டுச் சூளைகளின் புகைபோக்கி வழியே வானத்திற்குச் செல்லும் உஷ்ணத்தை ஒரு பொருளாக மதிப்பார் நம் நாட்டில் நெடுங்காலம் எவருமிலர். சூளையில் எரிக்கும் நிலக்கரியின் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சுண்ணாம்புக் கல்லைப் பக்குவம் செய்தபின் சூடான காற்றாகவே வெளியேறுகிறது. பழைய கணக்கில் சொல்லப் புகின், நிலக்கரிக்குக் கொடுத்த ஒவ்வொரு ரூபாயிலும் ஐந்தணா ஆகாயத்திற்குக் காணிக்கை! கொடுத்தவன் முதலாளியே எனினும் நஷ்டம் அவனோடு நின்றுவிடுவதில்லை. அச்சூளையைச் சுழற்றவும் கல்லை அரைக்கவும் வேண்டிய மின்சாரத்திற்கு வேறோரிடத்தில் மறுபடியும் நிலக்கரியை அன்றோ எரிக்கவேண்டியிருக்கிறது?

இவ்வுஷ்ணத்தை மின்சாரமாக்கும் வித்தை புதியதன்று. நீரைக் கொதிக்கவைத்து, ஆவியால் டர்பைனைச் சுழற்றி, அவ்வாவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்கிப் பாய்லருக்கே திருப்பும் சுழற்சியை, ஸ்காட்லாந்து தேசத்து இஞ்சினீயர் ராங்கின் 19-ஆம் நூற்றாண்டில் கணித முறையில் விளக்கினார். நீராவிக்கு ஒரு குறையுண்டு. நீர் கொதிக்க 100 டிகிரி உஷ்ணம் வேண்டும். டர்பைனைத் தக்கபடி சுழற்றும் அழுத்தம் பெறவோ அதனினும் மிக வேண்டும். ஆதலின் இளஞ்சூடு கண்ட இடத்தில் நீர் உதவாது. நீருக்குப் பதிலாகப் பெண்டேன் போன்ற கரிமத் திரவங்களைப் பயன்படுத்தின் காரியம் எளிதாகிறது. பெண்டேன் 36 டிகிரியிலேயே கொதிப்பது. அனந்தப்பூர்க் கோடையில் திறந்து வைத்தால் அதற்கு அடுப்பும் வேண்டுவதில்லை. இன்னுமொரு நன்மை: நீராவி விரிந்து குளிருங்கால் அதனுள் நுண்துளிகள் தோன்றி டர்பைனின் தகடுகளை அரிக்கும். பெண்டேன் ஆவி விரிந்த பின்னும் உலர்ந்தே நிற்கும். எளிதில் தீப்பற்றும் பொருளாகையால், துளியும் கசியாதபடி அடைத்து வைக்கவேண்டும் என்பது ஒன்றே அதன் பெருந்தொல்லை.

1880-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் 'நாப்தா' ஓடங்கள் என்பவை பெருகின. நீராவிப் படகு ஓட்டுவோர் லைசென்சு பெற்ற இஞ்சினீயரை வைத்துக்கொள்ளவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். நீருக்குப் பதில் நாப்தாவைக் கொதிக்கவைத்தால் அது நீராவிப் படகு ஆகாதல்லவா? சட்டத்தின் சந்து கண்டு ஒரு கைத்தொழிலே பிறந்தது! வக்கீல் தொழில் பயின்ற நமக்கு இச்செய்தியைப் படிக்குந்தோறும் நகை உண்டாகாமற் போவதில்லை. பின்னர் 1907-இல் பிலடெல்பியா நகரத்தருகே பிராங்க் ஷூமன் என்பார் சூரிய வெப்பத்தால் ஈதரைக் கொதிக்கவைத்து ஒரு சிறு யந்திரத்தை ஓட்டிக் காட்டினார். 1961-இல் ரோமாபுரியில் ஐக்கிய நாடுகளின் ஆதரவில் கூடிய மகாநாட்டில், இஸ்ரேல் தேசத்து ஹாரி டேபர், லூசியன் புரோனிக்கி இருவரும் இம்முறைச் சிறு டர்பைனை உலகத்தார் முன் வைத்தனர். புரோனிக்கி தம் மனைவியாரோடு 1965-இல் நிறுவிய 'ஆர்மட்' கம்பெனி இத்துறையில் இன்று முதன்மையானவற்றுள் ஒன்று.

நிற்க. இம்முறையின் எல்லையையும் மறைக்காது கூறுதல் நம் கடமை. 1824-இல் பிரான்சு தேசத்து சாடி கார்னோ வகுத்த விதியை மீற எந்த யந்திரத்தாலும் இயலாது. 90 டிகிரி சுடுநீரையும் 25 டிகிரிக் குளிர்ச்சியையும் கொண்டு இயங்கும் யந்திரத்தில், பிரமனே வந்து அமைத்தாலும், 100-க்கு 18 பங்கிற்கு மேல் உஷ்ணம் வேலையாக மாறாது. மனிதர் அமைப்பதில் அதிற் பாதியே கைக்கு எட்டும். சூளைக் காற்றைப்போல் 300 டிகிரி அளவில் கிடைப்பின் ஐந்தில் ஒரு பங்கு வரை பெறலாம். "இவ்வளவுதானா?" என்று இகழ்வாருண்டு. விலை கொடுத்து வாங்கிய நிலக்கரியாயின் அவ்விகழ்ச்சி நியாயமே. எறிந்துவிடும் பொருளில் ஐந்தில் ஒன்று மீளுமாயின் அதை இகழ்வது என்ன கணக்கோ, நாம் அறியோம்.

ஜெர்மனியில் பவேரியா மாகாணத்து லெங்பர்ட் சிமெண்டு ஆலையில் 1999-இல் இம்முறை முதன்முதல் வந்தது. நம் நாட்டில் 2007-இல் அனந்தப்பூர் ஜில்லா தாடிபத்திரியருகே உள்ள சிமெண்டு ஆலையில் சுமார் 4 மெகாவாட் அளவில் நிறுவப்பட்டது. இடத்தை நேயர்கள் கவனிக்கவேண்டும். ராயலசீமை மழை காணாப் பூமி. நீராவி டர்பைன் வைத்தால் அதைக் குளிர்விக்க ஓயாது தண்ணீர் கொட்டவேண்டும். கரிமத் திரவத்தையோ வெறும் காற்றைக் கொண்டே குளிர்விக்கலாம். குடிநீருக்கே குடம் சுமக்கும் ஜில்லாவில் இது சிறிய விஷயமன்று.

சூளை உஷ்ணமேயன்றிப் பூமியின் உஷ்ணத்திற்கும் இதே யந்திரம் பொருந்தும். அலாஸ்காவில் சேனா என்னுமிடத்தில் 2006 முதல் 74 டிகிரி வெந்நீரைக் கொண்டே மின்சாரம் எடுத்துள்ளனர். அங்கு அதுவரை எரித்தது டீசல். நம் லடாக்கில் 4,400 மீட்டர் உயரத்தில் உள்ள பூகா பள்ளத்தாக்கின் ஊற்றுக்கள் ஏறக்குறைய 84 டிகிரி சூடுடையன. அவ்வுயரத்தில் நீர் கொதிப்பதே அவ்வளவில்தான். அங்கு முதற்கண் 1 மெகாவாட் எடுக்க 2021-இல் எண்ணெய், இயற்கை வாயுக் கார்ப்பொரேஷன் உடன்படிக்கை செய்துகொண்டது.

இனிச் சட்டத்தை நோக்குவோம். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 86-ஆவது பிரிவு, இணை உற்பத்தியையும் புதுப்பிக்கத்தக்க சக்தியையும் ஆதரிக்கும் கடமையை மாகாணக் கமிஷன்களுக்கு விதிக்கிறது. அப்பிரிவில் கழிவு வெப்பம் என்ற சொல்லே காணோம். சூளையில் சிமெண்டு பக்குவமான பின் மிஞ்சிய உஷ்ணத்தில் பிறக்கும் மின்சாரம் இணை உற்பத்தியா, அன்றா? எரிபொருள் எதுவாயினும் இணை உற்பத்தி ஆதரவுக்குரியதே என்று 2010-இல் மின்சார மேல்முறையீட்டு டிரிபியூனல் தீர்ப்பளித்தது. ஆயினும் ஆலை வைப்போன் ஒவ்வொரு முறையும் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு கமிஷன் வாசலில் நிற்கவேண்டும் என்பது முறையாகுமா? சட்டத்திலேயே அச்சொல்லைப் பொறித்தல் வேண்டும் என்பது நமது கோரிக்கை. கழிவு என்று பெயரிட்டு அதிக நிலக்கரியை எரித்துச் சலுகை பெறுவார்களே என்னும் ஆட்சேபம் வரும். அது வெறும் வாதமன்று. அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்தார் அதற்கு வழி கண்டிருக்கின்றனர். புகைபோக்கியில் வீணாகும் உஷ்ணத்திலிருந்து 15 மெகாவாட்டுக்கு மேற்படாத யந்திரத்தால், நிலக்கரி முதலிய எரிபொருளைக் கூடுதலாகச் சிறிதும் எரிக்காமல் பெறுவதே தகுதியுள்ள சக்தி என்று சட்டத்திலேயே இலக்கணம் வகுத்துவிட்டனர். டில்லியில் மசோதா எழுதுவோர் அவ்வொரு வாக்கியத்தைத் தழுவி எழுதினாலும் போதும்.