கொடுக்குமுன் கேளுங்கள்

குறைமாதத்தில் பிறந்த சிசுவுக்கு முதற்பகை குளிரே. அதன் மெல்லிய உடலில் போதிய கொழுப்பு இல்லை. தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றலும் இல்லை. பெருநகர மருத்துவமனைகளில் இன்குபேட்டர் எனும் வெப்பப்பெட்டி அதனைக் காக்கிறது. ஆயின், மின்சாரம் எட்டாத சிற்றூரில் பிறக்கும் சிசுவின் கதி என்ன?

2007-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர் சிலருக்கு ஒரு பயிற்சி தரப்பட்டது. ஏறக்குறைய 20,000 டாலர் விலையுள்ள அப்பெட்டியை மிகக் குறைந்த செலவில் செய்ய வழி காண வேண்டும். அவர்களுள் ஒருவரான லைனஸ் லியாங், நேரில் கண்டறிய நேபாளம் சென்றார். அங்கே நன்கொடையாக வந்த பெட்டிகள் மருத்துவமனையில் வெறுமையாய்க் கிடந்தன! காரணம் வினவினார். குறைமாதச் சிசுக்கள் பலவும் தொலைவிலுள்ள சிற்றூர்களில் பிறந்து, மருத்துவமனையை எட்டுமுன்னரே இறந்துவிடுகின்றன என்று அறிந்தார்.

அன்றே கேள்வி மாறிற்று. பெட்டியின் விலையைக் குறைப்பது எப்படி என்பது போய், சிற்றூர்த் தாய் தன் சேயை வெதுவெதுப்பாய் வைத்திருப்பது எப்படி என்றாயிற்று. லியாங், ஜேன் சென், ராகுல் பணிக்கர், நாகானந்த் மூர்த்தி ஆகிய நால்வரும் சிசுவைப் பொதிந்து வைக்கும் சிறு பையொன்றை உருவாக்கினர். அதனுள் மெழுகு போன்றதொரு பொருள் வைக்கப்படும். சூடாக்கி உருக்கினால், அது மெல்ல இறுகும்போது 37 டிகிரி வெப்பத்தை மணிக்கணக்கில் தந்துகொண்டேயிருக்கும். அரவணைப்பு எனப் பொருள்படும் ‘எம்ப்ரேஸ்’ என்பதே அதன் பெயர். படிப்பு முடிந்தபின், அவர்கள் பெங்களூருக்கே வந்து பணியைத் தொடர்ந்தனர்.

மகாராட்டிரத்தில் ஒரு தாய் அவர்களுக்கு மற்றொரு பாடம் கற்பித்தார். மேனாட்டு மருந்து வீரியம் மிக்கது. ஆகவே ஒரு கரண்டி என்றால் அரைக்கரண்டியே கொடுப்பாராம். அவ்வாறே, 37 டிகிரி என்றால் 30 போதும் என நிறுத்திவிடுவாராம். அத்தாயின் எண்ணத்தில் இருந்தது பிள்ளைப் பாசமே. விளைவோ சிசுவுக்கு ஆபத்து. மாணவர்கள் அவரைக் குறைகூறவில்லை. எண்களை அகற்றிவிட்டு, வெப்பம் சரியாயிருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் காட்டும் குறியை வைத்தனர்.

அன்பார்ந்த பெற்றோரே, வெறுமையாய்க் கிடந்த அப்பெட்டிகளும் நல்லெண்ணத்தால் வழங்கப்பட்டவையே. நல்லெண்ணம் மட்டும் போதாது. பெறுவோரின் வாசலுக்குச் சென்று அவர் சொல்வதைக் கேட்கும் பணிவும் வேண்டும். கல்லூரி செல்லும் உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கற்றுத்தாருங்கள். அதற்குமுன் கேட்கக் கற்றுத்தாருங்கள்.