கண்ணாடி இழையின் வலிமையும் அதன் முடிவும்

கண்ணாடி என்றதும் உடையும் பொருள் என்ற எண்ணமே நம் உள்ளத்தில் எழுகிறது. கைதவறி விழுந்த கண்ணாடிக் குவளையைக் கூட்டி அள்ளாத இல்லம் இல்லை. ஆயினும், விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் நாகர்கோவிலை நெருங்கும்போது முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் காணும் காற்றாலைகளின் நெடிய இறக்கைகள், பெரும்பாலும் கண்ணாடியின் வலிமையினாலேயே கணவாய்க் காற்றைத் தாங்குகின்றன. கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து இறுகச் செய்த பொருள் அது. தொழிலுலகினர் அதனைக் கண்ணாடியிழை பிளாஸ்டிக் என்பர்; கடற்கரை ஊர்களில் 'பைபர்' என்றாலே போதும்.

உடையும் கண்ணாடிக்கு இவ்வலிமை எவ்வாறு வந்தது? கண்ணாடித் துண்டின் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய கீறல்கள் பல உள்ளன. பாரம் ஏறும்போது அக்கீறல்களின் முனையில் விசை குவிந்து, பிளவு விரைந்து ஓடுகிறது. இவ்வுண்மையை இங்கிலாந்தின் பார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஏ. ஏ. கிரிபித் 1921-இல் வெளியான தம் கட்டுரையில் விளக்கினார். புதிதாக இழுத்த கண்ணாடி இழை மெலிய மெலிய, அதன் வலிமை பன்மடங்கு உயர்வதையும் அவர் காட்டினார். மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமில்லை அன்றோ?

இவ்விழையைப் பெருமளவில் செய்யும் முறை 1930-களில் அமெரிக்காவில் உருப்பெற்றது. உருகிய கண்ணாடியைப் பிளாட்டினக் கலப்பு உலோகத் தட்டிலுள்ள நூற்றுக்கணக்கான நுண்துளைகளின் வழியே விரைந்து இழுப்பர். கிடைக்கும் இழையின் தடிமன் பொதுவாக 10 முதல் 20 மைக்ரான். தலைமயிரினும் மிக மெல்லியது. அதனைத் துணியாக நெய்தோ, பாய்போலப் பரப்பியோ அச்சில் இட்டுப் பாலியெஸ்டர் அல்லது எப்பாக்சிப் பிசினைத் தோய்ப்பர். சிறிது நேரத்தில் வேதிவினையால் பிசின் இறுகிவிடும். மண்சுவர் எழுப்புவோர் சேற்றில் வைக்கோலைப் பிசைந்து சேர்ப்பதும் இக்கருத்தை ஒட்டியதே. இழை இழுவிசையைத் தாங்குகிறது. பிசின் இழைகளைப் பிணைத்துப் பாரத்தைப் பங்கிட்டளிக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் ராடார் கருவிகளை மூடும் கூடுகள் இப்பொருளால் செய்யப்பட்டன. வானொலி அலைகளை இது தடுப்பதில்லை. 1953-இல் அமெரிக்காவில் வெளிவந்த கார்வெட் மோட்டார் காரின் உடற்பகுதியும் இதனால் ஆனதே. எடையில் எஃகின் நான்கில் ஒரு பங்களவே உள்ள இப்பொருள் துருப்பிடிப்பதில்லை, மின்சாரத்தைக் கடத்துவதில்லை. ஆதலின் அமிலத் தொட்டிகள், குழாய்கள், மின்பணியாளரின் ஏணிகள், ரயில் பெட்டிகளின் உட்பலகைகள் எனப் பல துறைகளில் இடம்பெற்றுவிட்டது. விறைப்பில் எஃகுக்கு இது ஈடாகாது. தீயிலிருந்தும் காத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்து சென்ற பின், தமிழகக் கடற்கரையில் மீனவருக்கு வழங்கப்பட்ட படகுகளுள் ஏராளமானவை பைபர் படகுகளே.

இனி, இதன் மறுபக்கத்தைக் காண்போம். பழைய பித்தளைப் பாத்திரத்தைக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார். துருப்பிடித்த இரும்பு உலைக்குச் சென்று மீண்டும் இரும்பாகும். உளுத்த கட்டுமரம் அடுப்பெரிக்கவாவது உதவும். உடைந்த பைபர் படகை என்செய்வது? சூளையில் சுட்ட பானை மீண்டும் களிமண் ஆகாதது போல, ஒருமுறை இறுகிய இப்பிசின் மீண்டும் உருகுவதில்லை. எரித்தால் கரும்புகை எழும், கண்ணாடி எஞ்சும். புதைத்தால் மட்குவதில்லை. எந்தக் குணத்திற்காக இதனை விரும்பி வாங்கினோமோ, அக்குணமே இறுதியில் சுமையாகிறது.

காற்றாலை இறக்கையின் ஆயுள் பெரும்பாலும் 20 முதல் 25 ஆண்டுகள். தூத்துக்குடிக் கடற்கரையில் 1986-இல் காற்றாலைகள் நிறுவப்பட்டன; அதன்பின் தென் மாவட்டங்களில் அவை பல்கிப் பெருகின. அக்காலத்துச் சிறிய ஆலைகளுக்கு முதுமை வந்துவிட்டது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் காஸ்பர் நகர்க் குப்பைநிலத்தில், நெடிய இறக்கைகளைத் துண்டாக்கிப் புதைத்த காட்சி உலகையே சிந்திக்க வைத்தது.

வழி இல்லாமல் இல்லை. ஜெர்மனியில் இறக்கைகளை நொறுக்கிச் சிமெண்ட் சூளையில் இடும் முறை நடைமுறைக்கு வந்தது. அங்கே பிசின் எரிபொருளாகிறது. கண்ணாடி சிமெண்டின் மூலப்பொருளோடு கலந்துவிடுகிறது. இழையையும் பிசினையும் பிரித்தெடுக்கத் தக்க புதுவகை இறக்கைகள் 2022-இல் ஜெர்மனியின் காஸ்காசி கடற்காற்றுப் பண்ணையில் பொருத்தப்பட்டன. நம் நாட்டிலும் சிமெண்ட் சூளைகளுக்குக் குறைவில்லை. வெட்டி, நொறுக்கி, ஏற்றிச் செல்லும் செலவை யார் ஏற்பது என்பதே வினா.

இத்தொழிலில் உழைப்போரையும் மறத்தல் ஆகாது. பாலியெஸ்டர்ப் பிசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவி தலைவலியும் மயக்கமும் தரும். தேய்க்கும்போது பறக்கும் தூள் தோலை அரிக்கும், மூச்சை வருத்தும். காற்றோட்டமான கூடமும், கையுறையும், தக்க முகக்கவசமும் உழைப்பவருக்குக் கருணையாக வழங்குபவை அல்ல. அவை அவர் உரிமை.

நம் சங்கத்துக் குடும்பங்களில் ஆலைகளிலும் ரயில்வேயிலும் கொள்முதல் அலுவலகங்களிலும் பணிபுரிவோர் உளர். பொறியியல் பயிலும் இளைஞரும் உளர். இப்பொருளை வாங்கவோ வடிவமைக்கவோ நேரும்போது, "விலை என்ன, எத்தனை ஆண்டு உழைக்கும்?" என்று கேட்பதோடு நில்லாது, "உழைத்து ஓய்ந்தபின் இதனைத் திரும்ப எடுப்பவர் யார்?" என்றும் கேட்பாராக. அதற்குரிய விடையை ஒப்பந்தத்திலேயே எழுதிப் பெறுதல் நலம். படகு உடைந்தபின் கேட்டால், விடை சொல்ல எவரும் இரார்.